வெள்ளிக்காசுக்கு ஒரு பக்கவாட்டு முகம்

ஐந்து ரூபாய் நாணயத்தில் முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் முகம் வந்த சமயத்தில் நான் கடலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். முகத்தோடு அவருடைய கையெழுத்தும் தமிழிலேயே இருந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட அதைச் செலவு செய்வதற்காக வாங்கவில்லை. ஒருவர் பேத்திக்கு என்றார். ஓர் அம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டே, "இதப் போயி யாராச்சும் டீக்கட கல்லாவுல போடுவாங்களா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். 'முகம் வந்துவிட்டால் காசு புழங்காது' என்று என் செய்தியை முடித்திருந்தேன். அந்த வரியை மட்டும் அலுவலகத்தில் வெட்டிவிட்டார்கள்.

அதற்கு முன்பு நாங்கள் அன்றாடம் புழங்கிய காசுகளில் சிங்கமும் கதிரும் இருந்தன. சில வருடம் கட்டை விரலும் இரட்டை விரலும் இருந்தன. சிங்கத்துக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, விரலுக்கும் கிடையாது. முகம் என்று வந்தால்தான் இவர் எங்களவர், அவர் ஏன் இல்லை என்ற பேச்சு வரும். ஒரு நாட்டின் காசில் யார் முகம் வர வேண்டும் என்பதை டெல்லியில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த அறைக்குள் நான் போனதில்லை. ஆனால் உள்ளே எப்படிப் பேசுவார்கள் என்பதை அடுத்த வருடம் புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார். வீடு கடலூரில். தினமும் காலையில் பஸ் ஏறி சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டிப் போய்க் கடை திறப்பார். அவர் எங்கள் வட்டாரப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு அந்த வருடம் வெள்ளி விழா. வெள்ளி விழா என்றால் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளிக்காசு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சங்கத்தின் பெயர். மறு பக்கம் ஒரு முகம். ஐந்து ரூபாய் நாணயத்தைப் பார்த்துத்தான் மச்சானுக்கு அந்த யோசனை வந்தது. அதற்காகப் பிறகு பல மாதம் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். கடலூர்க்காரர் முதல் தலைவர். சிதம்பரத்துக்காரர் முதல் பொருளாளர். தலைவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொருளாளர் இன்னும் பொருளாளராகவே இருந்தார். இந்த இரண்டு பேரும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் பெண் வீட்டார் ஒரு போட்டோகாரரைக் கூட்டி வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரை. தாலி கட்டுகிற அரை நிமிடத்துக்கு இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் தலைவர் முன்னால் போய் நின்றுவிட்டார். பொருளாளர் எடுத்த படத்தில் தாலியும் இல்லை, பெண்ணும் இல்லை. தலைவரின் பிடரி மட்டும் கூர்மையாக விழுந்திருந்தது. பெண்ணின் அப்பா அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டி, "நான் கேட்டது கல்யாண ஆல்பம், இவர் முடிவெட்டுறவன் கடைக்கு போட்டோ எடுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டார். பிறகு சங்கக் கூட்டங்களில் தலைவரும் பொருளாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். "செயலாளரே, மின்விசிறியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றாங்கன்னு தலைவர்கிட்ட சொல்லுங்க" என்பார் பொருளாளர். சுவிட்ச் தலைவரின் தோளுக்கு நேர் பின்னால் இருக்கும். மச்சான் எழுந்து வந்து சொன்ன பிறகுதான் தலைவர் கை நீட்டுவார்.

கூட்டம் ஏன் புதுச்சத்திரத்தில் என்றால், அது கடலூரும் இல்லை, சிதம்பரமும் இல்லை. விழாவை எங்கே வைப்பது என்று முன்பே ஒரு தகராறு வந்து, இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மண்டபம் பிடித்து முடித்திருந்தார்கள். யாருக்கும் வசதி இல்லாத இடம் என்பதால் எல்லாருக்கும் சம்மதமாக இருந்தது. நான் விழா மலருக்குக் கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்ததால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

முதல் கூட்டத்தில் கடலூர்க்காரர் ஒருவர் எழுந்து, தலைவர் முகத்தைப் போடுவதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"ரெண்டு பேரு சேந்து ஆரம்பிச்ச சங்கம். ஒருத்தர் தலய மட்டும் போட்டா எப்படி?" என்றது சிதம்பரம்.

"உசுரோட இருக்கறவங்க தல காசுல வராதுங்க. கவர்மெண்டே செத்தவங்களத்தான் போடுது."

பொருளாளர் மெதுவாக எழுந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் லென்ஸ் துடைக்கிற துணி. "அப்படீன்னா அடுத்த கூட்டத்துக்குள்ள நான் ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கட்டுமா?" என்றார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "என் தல எனக்கு வேணாம். ஆனா அந்தத் தலயும் வேணாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நடராஜர் என்றார் ஒருவர். அப்படியானால் திருப்பாதிரிப்புலியூர் சாமி என்ன பாவம் பண்ணினார் என்றார் கடலூர்க்காரர் ஒருவர். பாண்டிச்சேரி எல்லையில் கடை வைத்திருந்தவர், போட்டோவைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரைப் போடலாம் என்றார்.

"பாண்டி காத்து அடிச்சா பிரெஞ்சுக்காரந்தான் ஞாபகத்துக்கு வருவான்."

"வெள்ளக்காரன் தலய எடுத்துட்டுதானய்யா காசுல சிங்கத்த வெச்சாங்க? நீ மறுபடியும் கூட்டியாறியே."

திட்டக்குடியிலிருந்து வந்திருந்த ஸ்டூடியோக்காரர் மட்டும் எந்த முகமானாலும் சரி, விருத்தாசலம் பஸ்ஸுக்குள் முடியுங்கள் என்றார். கடைசியில் ஓட்டுப் போட்டதில், கடலூர்த் தலைகள் அதிகம் இருந்ததால், தலைவர் முகம் ஜெயித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் சொன்னார்.

"மாப்ள, சிதம்பரத்துக்காரனுங்க தனிச் சங்கத்துக்கு லெட்டர்பேடு வரைக்கும் அடிச்சி வெச்சிட்டானுங்களாம். பொருளாளரு கைய உயத்துனா போதும், அத்தன பேரும் எழுந்து போயிடுவானுங்க."

"போனா போகட்டும் மச்சான். உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? கட அங்க இருக்கு, வீடு இங்க இருக்கு. நான் எந்தச் சங்கம்? முகூர்த்த நாள்ல என் லைட்டு போச்சின்னா சிதம்பரத்துக்காரன்தான் லைட்டு குடுக்கறான். உங்க அக்காவ ஆஸ்பத்திரியில சேத்தப்ப என் கல்யாண ஆர்டர் மூணையும் கடலூருக்காரனுங்கதான் போயி எடுத்தானுங்க. ரெண்டா பிரிஞ்சா நான் காலைல எந்தப் பஸ்ல ஏறுறதுன்னே தெரியாது."

அந்தச் சங்கத்தில் அவர் பெரிய பதவி எதுவும் எதிர்பார்க்கவில்லை. ஆட்களை ஒருவருக்கு ஒருவர் உதவ வைத்திருந்தார், அவ்வளவுதான். விழா நடக்கும்போது சங்கம் ஒன்றாக இருக்குமா என்பது அந்தக் காசில் இருந்தது.

கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் காசு அடிக்கக் கொடுத்தார்கள். தலைவர் வீட்டம்மா, வீட்டில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தையே கழற்றிக் கொடுத்தார். நேருக்கு நேர் பார்க்கிற முகம், இரண்டு காதும் தெரிய. பட்டறையிலிருந்து மாதிரிக்காக நான்கு காசுகள் வந்தன. மச்சான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். மூக்கு இருந்த இடம் சப்பையாக, கன்னம் இரண்டும் உப்பி, கண்கள் பாதி மூடியிருந்தன. தலைவருக்கு நல்ல எடுப்பான மூக்கு. இது யாரோ.

"யாரு மச்சான் இது?"

"அதத்தான் நானும் பட்டறைக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நேர் மொகத்த இத்தினூண்டு காசுல அடிச்சா மூக்கு படுத்துடுமாம். சைடு போஸ் குடுங்க, தலைவர் மாதிரியே அடிச்சித் தர்றேங்கறான்."

இருந்தாலும் வழக்கப்படி மாதிரிகளைப் பொறுப்பாளர்களுக்குக் கொடுத்தனுப்பினார். ஒன்று பொருளாளர் வீட்டுக்குப் போனது. அங்கேதான் எங்கள் யாருக்குமே தோன்றாத ஒன்று நடந்தது.

இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்ச்சிக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மச்சான் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பொருளாளர் நேரே உள்ளே வந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"செயலாளரே, ராத்திரி அந்தக் காச மேச மேல வெச்சிட்டுப் படுத்துட்டேன். வீட்ல வெள்ளின்னா என்ன பண்ணுவாங்க?"

மச்சான் முகம் மாறியது. "சாமி ரூம்ல வெச்சிட்டாங்களா?"

"வெச்சி, மஞ்ச தடவி, பொட்டு வெச்சி, பூ வெச்சிட்டா. காலைல குளிச்சிட்டு வழக்கமா கற்பூரம் காட்டுறேன். முருகருக்குக் காட்டினேன், அம்பாளுக்குக் காட்டினேன். பக்கத்துல புதுசா ஒருத்தர் பொட்டோட உக்காந்திருக்காரு. அவருக்கும் காட்டிட்டு கன்னத்துல போட்டுக்கிட்டேன். அப்புறம் உத்துப் பாத்தா..."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தேன். சிரித்தால் செய்தி தருகிற ஒரு நல்ல ஆளை இழந்துவிடுவேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றார் மச்சான்.

"ஏதோ சித்தர்னு நெனச்சாளாம். கண்ணு மூடியிருந்ததால தியானத்துல இருக்காருன்னு நெனச்சாளாம். எடுடீன்னேன். பொட்டு வெச்சித் தீபம் காட்டினத எடுக்கக்கூடாதுங்கறா. இப்ப தெனமும் அந்தாளுக்கு நான் கற்பூரம் காட்டணும். உயிரோட இருந்தப்ப பேசாம இருந்தேன். செத்த அப்புறம் கும்புட வெச்சிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒவ்வொருத்தன் வீட்லயும் இதுதான் நடக்கும். எங்க ஆளுங்க அத்தன பேரு பொண்டாட்டியும் இவருக்குப் பொட்டு வெப்பாளுங்க. இந்த மூஞ்சி காசுல வந்தா நான் சங்கத்துல இல்ல. என்கூட யாரு யாரு வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போன பிறகு மச்சான் கல்லா மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டார். வெள்ளிக்காசு என்றால் எங்கள் வீடுகளில் அது நேராகச் சாமி அறைக்குத்தான் போகும். லட்சுமி இருந்தாலும் சரி, நகைக்கடை முத்திரை இருந்தாலும் சரி. அந்த ஐந்து ரூபாய் நாணயத்தை முந்தானையில் முடிந்த அம்மாளும் அன்று மாலையே அதற்குப் பொட்டு வைத்திருப்பார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் முகத்தைப் பற்றிப் பேசும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மச்சானுக்கு அப்போது ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மூக்கு சரியாக வந்தால், ஆளுக்கு மரியாதையாக ஒரு பக்கவாட்டு முகம் கிடைத்தால், சித்தர் குழப்பமாவது தீரும். பழைய ராஜா தலைக் காசில் எல்லாம் ராஜா ஒரு பக்கமாகத்தான் பார்ப்பார், அதற்குப் பொட்டு வைத்தாலும் சாமி மாதிரி தெரியாது என்று ஒரு வாதம் கண்டுபிடித்து வைத்திருந்தார். எனவே தலைவரின் பக்கவாட்டுப் படம் வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் படங்கள் வந்து குவிந்தன. சங்க ஆண்டு விழா, சுற்றுலா, பிச்சாவரம் படகு, ரத்த தான முகாம். எல்லாவற்றிலும் தலைவர் எங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். படகில் எல்லாரும் தண்ணீரைப் பார்க்கும்போதும் அவர் மட்டும் கேமராவைப் பார்த்தார். புகைப்படக்காரரைப் புகைப்படக்காரர் எடுத்தால் அப்படித்தான். எங்கள் ஸ்டூடியோக்களில் பிழைப்பே பாஸ்போர்ட் சைஸ்தான். நேராகப் பார், காது தெரியட்டும், அசையாதே. பக்கவாட்டில் முகம் எடுத்துக்கொள்பவர்கள் சினிமாவில் சேர ஆசைப்படுபவர்களும் போலீசிடம் மாட்டியவர்களும்தான். தலைவருக்கு இரண்டு அனுபவமும் இல்லை. ஒரு மாவட்டத்தின் முகங்களை எல்லாம் எடுத்தவர்கள், தங்கள் தலைவரின் முகத்தில் பாதியை எடுக்கவே இல்லை.

பரங்கிப்பேட்டையில் வீடியோ மிக்சிங் செய்துகொண்டிருந்த பாய்தான் அடுத்த வழி சொன்னார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகப் பழைய கல்யாண கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தருவதில் அவருக்கு நல்ல ஓட்டம். "அண்ணே, போட்டோவுல கெடைக்கலன்னா வீடியோவுல பாருங்க. மேடையில குறுக்க குறுக்க போனது யாரு? போட்டோகாரர்தானே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் பாய் வீட்டு மாடியில் உட்கார்ந்து பழைய கல்யாணங்களைப் பார்த்தோம். கேசட்டில் உள்ளவர்கள் ஓடி ஓடிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாய் வேகமாக ஓட்டிவிட்டு, தலைவர் குறுக்கே வரும்போது மட்டும் நிறுத்துவார். தலைவர் நிறைய வந்தார். ஆனால் பக்கவாட்டில் நிற்கும்போதெல்லாம் அவர் கண்ணில் கேமரா இருந்தது. நெற்றியும் மூக்கும் வாயும் அதன் பின்னால். கேமராவை இறக்கினால் உடனே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கொஞ்சம் நகருங்க" என்று கையை ஆட்டுவார். மறுபடி நேர் முகம்.

"இவரு பொறந்ததுலேருந்து சைடு காட்டவே இல்லையா?" என்றார் மச்சான்.

பாய் ஓர் இடத்தில் நிறுத்தினார். சிதம்பரத்தில் ஒரு மண்டபம். தாலி கட்டும் நேரம். தலைவர் ஒரு முழங்காலை மடக்கி நிற்கிறார். கேமரா கண்ணில். இடது கை லென்ஸை மேலிருந்து பிடித்திருக்கிறது. ஒரு காது, கொஞ்சம் முடி, ஒரு முழங்கை. பின்னால் மங்கலாகப் பூ.

பாய் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத அப்படியே போட்டா என்ன?"

"மூஞ்சி எங்க பாய்?"

"மூஞ்சி இல்லாததுதானே நல்லது. எனக்கு வீட்ல மூஞ்சி போட்ட காச வெக்க எடம் கெடையாது, பொட்டியில போட்டு மூடணும். மூஞ்சி வெச்சதால பொருளாளரால சங்கத்துலேயே இருக்க முடியல. இத வெச்சா யாருக்குக் கஷ்டம்?"

"கடலூருக்காரன் கேப்பானே, எங்க தலைவர் எங்கன்னு."

"இவருதானே அண்ணே தலைவர்? நாம பொய்யா சொல்றோம்?"

மச்சான் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆள் யார் என்று சொல்லாமல் படம் போடுவது பத்திரிகையில் தவறு என்றேன். "அப்ப இத பத்திரிகையில போட வேணாம்" என்றார் மச்சான். அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப்போனார். புதுச்சத்திரம் மண்டபத்தில் மேடைமேல் சாய்த்து வைத்தார். எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

"யாரு இது, செயலாளரே?"

"ஒரு போட்டோகாரர்."

"அது தெரியுது. எந்த போட்டோகாரர்?"

"நம்ம சங்கத்து போட்டோகாரர்."

"தலைவர்தான்யா, பாத்தாலே தெரியல?" என்றார்கள் கடலூர் வரிசையில்.

"தலைவருக்கு எப்படிய்யா இந்த ஒல்லி ஒடம்பு? எங்க பொருளாளர்யா அது. மண்டபத்தப் பாரு, எங்க ஊரு மண்டபம்" என்றார்கள் சிதம்பரம் வரிசையில்.

"காதப் பாரு, காது யாரோடது?"

"காத வெச்சி ஆளக் கண்டுபுடிக்க நீ என்ன போலீசா?"

திட்டக்குடிக்காரர், "அது நான்தான், சீக்கிரம் முடிங்க" என்றார்.

மச்சானின் கண்கள் பொருளாளர் மேல் இருந்தன. நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து மேடைக்கு அருகே போனார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு மிக அருகில் குனிந்தார். அரங்கில் பேச்சு தானாகக் குறைந்தது.

"எந்தக் கல்யாணம் இது?" என்றார்.

மச்சான் மண்டபத்தின் பெயரையும் பெண் வீட்டாரையும் சொன்னார். பொருளாளர் தலையை ஒரு முறை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, பையில் இருந்த துணியால் பொறுமையாகத் துடைத்தார்.

"ஏத்துக்கலாம்" என்றார்.

சிதம்பரம் வரிசை கைதட்டியது. தங்கள் ஆள்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடலூர் வரிசையும் கைதட்டியது. பொருளாளரே தலைவரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மச்சான் அந்தக் கைதட்டல் ஓயும் முன்பே தீர்மானத்தைப் படித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ஆனால் அன்று முதல் விழா நாள் வரை அவருக்குத் தூக்கம் சரியில்லை. இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நம்பிக்கொண்டிருந்தன. எவனாவது ஒருவன் விழாவில் எழுந்து நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், கையில் காசு வாங்கியவுடன் சிதம்பரத்துக்காரர்கள் எழுந்து போவார்கள். "யாரும் கேக்க மாட்டாங்க மச்சான், சாப்பாடு இருக்கு இல்ல" என்று நான் தேற்றினேன். அக்கா, "கேட்டா உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க" என்று முடித்துவிட்டாள்.

காசு நன்றாக வந்திருந்தது. கேமரா எடுப்பாக, விரல்கள் தனித்தனியாக, காதுகூடத் தெளிவாக. மூக்கு இல்லாததால் மூக்கைப் பற்றிய புகார் இல்லை.

விழா அன்று மண்டபத்தில் ஆளை விடக் கேமரா ஜாஸ்தி. மேடையில் ஏதாவது நடந்தால் எல்லாருமே எழுந்து படம் எடுக்கப் போய்விடுவதால் நாற்காலிகள் காலியாகிவிடும். மச்சான் மைக்கில், "தயவுசெய்து உறுப்பினர்கள் உறுப்பினர்களாக உக்காருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். காசுகளைப் பொருளாளர் கையால் கொடுப்பது என்று ஏற்பாடு. முதல் காசு தலைவர் வீட்டம்மாவுக்கு.

அவரிடம் மச்சான் முன்பே போய், காசில் ஒரு போட்டோகாரர் வருகிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார். "சரி தம்பி" என்று அவரும் விட்டுவிட்டார். இப்போது மேடையில் பொருளாளர் தட்டோடு நின்றார். அம்மா காசை எடுத்து, கண்ணாடி கொண்டுவராததால் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். மைக் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அண்ணே," என்றார் அம்மா, "இது எங்க வீட்டுக்காரரா, நீங்களா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவை இறக்கினார்கள். மச்சான் மேடை ஓரத்தில் உறுப்பினர் பட்டியலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சிதம்பரம் வரிசையில் ஒருவர் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்தபடி பாதி எழுந்திருந்தார்.

பொருளாளர் அவசரப்படவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. அவரு பின்னாடி நான் நிக்கிறேன். படத்துல வரல."

முதலில் ஒருவர் சிரித்தார். அது சிதம்பரம் வரிசையிலிருந்து வந்தது. பிடரிப் படத்தின் கதை தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. அடுத்த நொடி எல்லாப் பக்கமும் சிரிப்பு. எங்கிருந்தோ ஒரு குரல், கல்யாணங்களில் கேட்கிற அதே சத்தத்தில், "முன்னாடி நிக்கிற போட்டோகாரர் கொஞ்சம் நகருங்க!" என்று கத்தியது. பாதி எழுந்திருந்தவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொருளாளர் சிரிக்கவில்லை. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "அடுத்த பேரு படிங்க செயலாளரே" என்றார்.

மச்சான் பட்டியலைப் பார்த்தார். அதில் முதலில் கடலூர்க்காரர்கள், பிறகு சிதம்பரத்துக்காரர்கள் என்று இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.